தோவாவின் மூங்கில் கழி

சைகோன்
12 அக்டோபர் 1998

அன்புள்ள லாய்,

நான் இங்கே பாதி நலம். வலது பாதி இன்னும் வந்து சேரவில்லை. வரும் வழியில் எங்கோ தரைதட்டி நிற்கிறது. நீயாவது அங்கே முழு நலமாக இரு.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இது இடது கை. ஐம்பத்துமூன்று வயதில் இதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன். இந்தக் கடிதம் எழுத இரண்டு நாள் ஆகிறது. ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் அண்ணன் மகள் ஹான் என்னைத் தொலைபேசிக் கடைக்குக் கூட்டிப்போனாள். நம் கரைக்கடைக்காரர்தான் எடுத்தார். நான் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். "எவனோ காலங்காத்தால குடிச்சுட்டு உளர்றான்" என்று வைத்துவிட்டார். அவரிடம் சொல், உளறியது நான்தான் என்று. வாய்தான் கோணியிருக்கிறது, புத்தி நேராகத்தான் இருக்கிறது.

இங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த வரிசையை வைத்து சந்தையே "ஆறாமக்கா" என்று கூப்பிட்டது போய், இந்தச் சிகிச்சைக் கூடத்தில் நான் "ஒன்பதாம் கட்டில்". "ஒன்பதாம் கட்டில் கஞ்சி குடிச்சாச்சா?" "ஒன்பதாம் கட்டிலை வெயில்ல உக்கார வைங்க." கட்டிலே குடித்தது, கட்டிலே உட்கார்ந்தது. இப்போது ஹான் வீட்டிலிருந்து நடந்து போய்வருகிறேன். ஆனாலும் பெயர் மாறவில்லை.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று மாதமாக அனுப்பும் பண உதவி ஹான் கையில் தவறாமல் வந்துவிடுகிறது. நான் எவரிடமும் ஓர் எலுமிச்சம்பழம்கூட ஓசியில் வாங்கியதில்லை. உனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அடுத்தவர் படகில் கூடை தூக்கியவள், முப்பதில் சொந்தப் படகு வாங்கியவள். இப்போது ஊர் கொடுத்ததில் ஊசி குத்திக்கொள்கிறேன். முதலில் அழுதேன். பிறகு, சரி, வாங்கத் தெரிந்தவளுக்குத்தான் கொடுக்கவும் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினொரு சீட்டு. கேலி பண்ணாமல் கொண்டுபோய்க் கொடு.

படகு விஷயம். வாரம் ஒருமுறை நீர் இறைக்க வேண்டும். முகப்பில் வரைந்திருக்கும் இரண்டு கண்ணுக்கும் சிவப்புச் சாயம் பூசு. குருட்டுப் படகைப் பார்த்தால் எவனும் பேரம் பேச வரமாட்டான். முக்கியமாக, கழியில் ஓர் அன்னாசியாவது தொங்கட்டும். வெறுங்கழியாக இருந்தால் என் இடத்தில் வேறு எவனாவது நங்கூரம் போட்டுவிடுவான். பிப்ரவரியில் வரும் நம் புத்தாண்டுச் சந்தைக்கு நான் வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஊசி, இந்தக் கசாயம், இந்த நடை எல்லாம். வேறு எதற்கும் இல்லை.

உன் அக்கா,
தோவா


ஆற்றுச்சந்தை
27 அக்டோபர் 1998

என் ஆறாமக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்தவுடன் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர், "கரும்பை வெட்டாம கடிதாசிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே"ன்னு கத்தினார். அவருக்கு இருமல் இன்னும் போகவில்லை. கத்தினாலும் பாதியில் நின்றுவிடுகிறது. அதுவரைக்கும் நிம்மதி.

ஜூன் மாதம் பக்கவாதம் வந்த அன்றைக்கு உங்களைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நனைந்த மூட்டை போல இருந்தீர்கள். நீங்கள் இனி எழுதுவீர்கள் என்று யார் நினைத்தார்கள்?

சீட்டுகளைக் கொடுத்துவிட்டேன். சூப் படகுக்காரி தியெப் படித்துவிட்டு அழுதாள். பூசணிக்காய் வியாபாரி பாவ் அண்ணன் சீட்டை மடித்துக்கொண்டு படகுக்குள் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், தெரியுமே.

படகைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம். கண்ணுக்குச் சாயம் பூசியாகிவிட்டது. புத்தாண்டுக்கே வர வேண்டுமென்று என்ன அவசரம்? சந்தை எங்கேயும் ஓடிவிடாது. உடம்புதானே முக்கியம். அந்த ஊர் மழைக்காற்றில் காலையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு போத்தல் மீன்சாறு அனுப்புகிறேன். அங்கே கிடைப்பதில் பாதி உப்புத்தண்ணீர்.

உங்கள் தங்கை,
லாய்


சைகோன்
22 நவம்பர் 1998

அன்புள்ள லாய்,

மீன்சாறு வந்தது. அதில் தொட்டுத் தின்றபோதுதான் நாக்கு என்னுடையது என்று நம்பினேன்.

இங்கே எனக்குக் கூட்டாளிகள் கிடைத்திருக்கிறார்கள். சிகிச்சைக் கூடத்து முற்றத்தில் காலையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லோரும் என்னைப் போல ஒரு பக்கம் போனவர்கள். எனக்கு வலது, சிலருக்கு இடது. பேருந்து நடத்துநராக இருந்த லோக் அண்ணனுக்கு இடது. அவர் குரல் மட்டும் போகவில்லை. மற்றவர்களுக்குக் குச்சி ஊன்ற உதவிக்கொண்டே, "உள்ளே தள்ளி நில்லுங்க, படியில தொங்காதீங்க" என்பார். தையல்காரி ஹுவேவுக்கும் இடதுதான். ஊசியில் நூல் கோத்துக் காட்டாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று ஊசியோடு சண்டை போடுகிறாள். ஒருத்தர் விழுந்தால் மற்றவர்கள் சிரிப்போம், பிறகு தூக்குவோம். வீட்டு ஆட்கள் முதலில் தூக்குவார்கள், பிறகு அழுவார்கள். இது மேல்.

என்னிடம் லோக் அண்ணன் என்ன வியாபாரம் என்று கேட்டார். நான் இழுத்து இழுத்து ஆற்றுச் சந்தையைச் சொன்னேன். படகில் ஒரு கழி நட்டு, எதை விற்கிறோமோ அதை உச்சியில் தொங்கவிடுவோம், தூரத்திலிருந்தே தெரியும் என்றேன்.

"அப்ப துணி தொங்குதுன்னா?"

"அது காயுது. விக்கறதுக்கு இல்ல."

"சரி, விக்கறதும் தொங்கவிடறதும் வேற வேறயா இருக்கறது உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு. கூரை வேயற ஓலையைக் கட்டினா, படகையே விக்கறாங்கன்னு அர்த்தம். படகுதானே எங்களுக்கு வீடு."

இவ்வளவையும் சொல்லி முடிக்க முக்கால்மணி நேரம் ஆனது. அவர் ஒரு வார்த்தையைக்கூட எனக்குப் பதிலாக முடித்துவைக்கவில்லை. இது எவ்வளவு பெரிய மரியாதை என்று பேச்சு போனவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது ஓர் உதவி. பேச்சுப் பயிற்சி தரும் செவிலி தாவோ ஒவ்வொருவரையும் தன் சொந்த இடத்தின் புகைப்படம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். அதில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டுமாம். சொந்தப் பொருளின் பெயர் சீக்கிரம் வருமாம். என் படகைப் படம் எடுத்து அனுப்பு. எல்லோரும் அதில் ஏறி நில்லுங்கள். பாவ் சிரிக்க வேண்டும் என்று சொல்.

இன்னொன்று. நேற்று குளியலறையில் தனியாக நின்று, "அன்னாசி, தேனா இருக்கு, வாங்க" என்று கூவிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. முன்னேற்றம்தான்.

உன் அக்கா,
தோவா


ஆற்றுச்சந்தை
9 டிசம்பர் 1998

என் ஆறாமக்காவுக்கு,

கரையில் படக்கடை வைத்திருப்பவரை ஒரு காலை முழுக்கப் பிடித்துவைத்து எடுத்த படம். நீங்கள் ஆசைப்பட்டபடியே எல்லோரும் உங்கள் படகில் ஏறி நின்றோம். கழியில் நானே மூன்று அன்னாசி கட்டினேன், நல்ல பழமாகப் பொறுக்கி. பாவ் அண்ணனைச் சிரிக்கவைக்க தியெப் அவரைக் கிள்ளினாள். அதனால்தான் முகம் அப்படி.

வேறு விசேஷம் இல்லை. ஆற்றில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. நன்றாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
லாய்


சைகோன்
18 டிசம்பர் 1998

லாய்,

படம் வந்தது. உறையைப் பிரிக்காமல் வைத்திருந்து, திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் பிரித்தேன். பெருமைதான், வேறென்ன. மற்றவர்கள் வீட்டு வாசலையும் தையல் இயந்திரத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒரு சந்தையையே கொண்டுவந்திருந்தேன்.

தாவோ என் விரலைப் பிடித்துப் படத்தில் வைத்தாள். படகு என்றேன், பாதிதான் வந்தது. கண் என்றேன். கயிறு என்றேன். உங்கள் பதினொரு பேரின் பெயரையும் சொன்னேன். உன் பெயர் நன்றாகவே வந்தது. கழி என்றேன். அன்னாசி என்பதில் நடுவில் காற்றுப் போய்விட்டது. சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு விரல் அன்னாசிக்கு மேலே போனது.

"ஓலை" என்றேன்.

பிசிறில்லாமல், வெட்டினாற்போல வந்தது. தாவோ கைதட்டிக் குதித்தாள். "சுத்தமா வந்துச்சே! எல்லாரும் கேட்டீங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க!" அவள் சைகோன்காரி, அவளுக்கு என்ன தெரியும்? நான் இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். முற்றமே நல்ல கையால் தொடையைத் தட்டியது. லோக் அண்ணன் மட்டும் தட்டவில்லை. அவர் நல்ல கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

காய்ந்து, நுனி கிழிந்து, வெளுத்துப்போயிருக்கிறது அந்த ஓலை. நேற்றுக் கட்டியது இல்லை. மூன்று அன்னாசியைப் பொறுக்கிக் கட்டியவள் நீ. அந்தக் கழியைக் கையால் பிடித்து இறக்கி ஏற்றியிருக்கிறாய். உச்சியில் இருந்தது உன் கண்ணில் படவில்லையா? பதினொரு பேர் அதன் கீழே நின்று எனக்காகச் சிரித்திருக்கிறீர்கள்.

என் படகு யாருக்குப் போகிறது?

தோவா


ஆற்றுச்சந்தை
2 ஜனவரி 1999

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு காகிதத்தைக் கிழித்தேன்.

ஓலை ஆகஸ்டில் கட்டியது. தினமும் பார்த்துப் பார்த்து அது எங்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. படம் எடுக்கும்போது அன்னாசி இல்லையே என்பதுதான் எங்களுக்குத் தோன்றியது. ஓலை இருக்கிறதே என்பது தோன்றவில்லை. சத்தியம்.

ஜூலைக் கடைசியில் உங்கள் சிகிச்சைக்கு இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. ஹான் வந்து அழுதாள். ஒரு சாயங்காலம் எல்லோரும் தியெப்பின் படகில் கூடினோம். கை வைத்தியம் போதும், வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம் என்றார்கள் சிலர். நான்தான் மாட்டேன் என்றேன். அப்போது பாவ் அண்ணன், "ஓட்டறவளே போயாச்சு, படகு யாருக்கு?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அக்கா. வின் லாங் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பேசி முடித்தார். விலையை மாதாமாதம் கொடுத்து, புத்தாண்டு கழிந்ததும் படகை எடுத்துக்கொள்வதாக. அவர் கொடுத்ததுதான் மாதாமாதம் உங்களுக்கு வந்தது. ஊர் கொடுத்தது என்று சொல்லச் சொன்னது நான். முதல் மாதம் நாங்களும் கொஞ்சம் போட்டோம், அது உண்மை. ஹானைத் திட்டாதீர்கள். அவள் வாயை நான்தான் கட்டினேன்.

மருத்துவர் சொன்னார், இன்னொரு தடவை வந்தால் தாங்காது, எந்தக் கெட்ட சேதியும் காதில் போடாதீர்கள் என்று. உங்களிடம் எப்படிக் கேட்பது? உங்கள் வாயே திறக்கவில்லையே அப்போது. உங்களைப் பிழைக்கவைக்கத்தானே செய்தேன்? படகு பெரிதா, நீங்கள் பெரிதா? இன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்கிற கேள்வியை எழுதும் அந்தக் கையே அந்தப் படகு கொடுத்த கைதானே?

திட்டுங்கள். ஆனால் எழுதுங்கள்.

லாய்


சைகோன்
14 ஜனவரி 1999

லாய்,

திட்டப்போவதில்லை. வியாபாரம் பேசுகிறேன்.

விற்றது தப்பில்லை. நீ என் இடத்தில் இருந்து, நான் உன் இடத்தில் இருந்தால் நானும் விற்றிருப்பேன், உன்னைவிட நல்ல விலைக்கு. படகை வைத்துக்கொண்டு செத்துப்போவது புத்திசாலித்தனம் இல்லை. வின் லாங்காரர் சொன்ன சொல்லுக்கு மாதாமாதம் நின்றிருக்கிறார். என் பெயரால் கொடுத்த வாக்கு, அது என் வாக்கு. படகை எடுத்துக்கொள்ளட்டும். இடப்பக்கம் பின்னால் மூன்றாவது பலகையில் ஒரு கசிவு உண்டு. மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடு.

தப்பு வேறு.

ஆகஸ்டில் என் வாய் திறக்கவில்லை, சரி. கண் திறந்திருந்ததே. நீ ஒன்பது நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாய். "சோறுன்னா ஒரு தடவை கண்ணை மூடுக்கா, கஞ்சின்னா ரெண்டு தடவை" என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். நான் இரண்டு தடவை மூடினால் கஞ்சி வந்தது. சன்னலைத் திறக்கவா, மூடவா என்று கேட்டாய். போர்வை வேண்டுமா என்று கேட்டாய். ஊருக்குத் திரும்பிப்போய் என் கழியில் ஓலை கட்டினாய். கஞ்சிக்குக் கேட்கத் தெரிந்தவளுக்குப் படகுக்குக் கேட்கத் தெரியவில்லை.

கேட்டிருந்தால் ஒரே ஒரு தடவை மூடியிருப்பேன் லாய். வித்துடு என்று.

நீ கேட்கவில்லை. ஏனென்றால் கஞ்சி குடிக்கிறவள் கட்டிலில் இருந்தாள், படகுக்காரி ஜூன் மாதமே போய்விட்டாள் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்குக் கருமாதி செய்துவிட்டு, என் சொத்தை விற்று எனக்கே தானம் கொடுத்தீர்கள். நான் அதற்கு இடது கையால், எட்டு நாள் உட்கார்ந்து, நன்றி எழுதினேன். தியெப் ஏன் அழுதாள், பாவ் ஏன் உள்ளே போனார் என்று இப்போது புரிகிறது. நீ ஏன் அழுதாய் என்பதும்.

ஹானோடு மூன்று நாள் பேசவில்லை. நான் பேசினாலும் அவளுக்குப் பாதிதான் புரியும் என்பதால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாலாம் நாள் அவளாகவே வந்து, "அத்தை, உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றாள். அவள் கணக்கு அத்தோடு தீர்ந்தது.

எனக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, என் பதினொரு சீட்டும் திரும்பி வர வேண்டும். அவை தப்பான சரக்குக்குக் கொடுத்த நன்றி. இரண்டாவது, கழி. படகைத்தான் விற்றீர்கள். கழி நான் என் கையால் வெட்டிச் சீவியது. அது பேரத்தில் சேராது. பேருந்து கூரையில் போட்டு அனுப்பு.

தோவா


சைகோன்
6 மார்ச் 1999

லாய்,

புத்தாண்டு முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. சந்தைக்கு நான் வரவில்லை என்பது உனக்கே தெரியும். படகு போய்விட்டதையும் கேள்விப்பட்டேன். கசிவைச் சொன்னாயாம். நல்லது.

கழி வந்து சேர்ந்தது. அனுப்பச் சொன்னேன், ஆனால் பாவ் கொண்டுவந்தார். ஆறு மணி நேரம் பேருந்தில் வந்து, சந்தில் நுழைய முடியாமல் அந்த நீளக் கழியோடு இரண்டு வீட்டுச் சன்னலை இடித்து, வசவு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து பத்துச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவருடையதைத் தனியாகக் கடைசியில் கொடுத்தார்.

"கேக்காம நின்னுட்டோம், தோவா" என்றார். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

நான் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தேன். என் போன கடிதத்தை அவரும் படித்திருந்தார் போல, புரிந்துகொண்டார். நாற்பது வருஷத்தில் அந்த மனிதர் முகத்தைக் கையால் மூடி நான் பார்த்ததில்லை. பிறகு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது தொழில். நானும் லோக் அண்ணனும் ஹுவேவும் சேர்ந்து சந்து முனையில் தள்ளுவண்டி போட்டிருக்கிறோம். அன்னாசிதான். தோல் சீவிக் கண்ணைச் சுற்றிச் சுற்றி எடுக்க இரண்டு கை வேண்டும் இல்லையா? அவர் தன் வலது கையால் பழத்தைப் பிடிப்பார், நான் என் இடது கையால் வெட்டுவேன். முதல் நாள் அவர் கட்டைவிரலையும் சேர்த்துச் சீவிவிட்டேன். "அதுக்கும் விலை போடுங்க" என்றார். ஹுவே பொட்டலம் கட்டுகிறாள். மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று நல்ல கை. தாவோ வாரம் ஒருமுறை வந்து ஒரு துண்டு வாங்கித் தின்றபடியே என் உச்சரிப்பைத் திருத்துவாள்.

கழியை வண்டியில் கட்டி நட்டிருக்கிறோம். சைகோன்காரர்களுக்கு விளங்குவதில்லை. "என்னக்கா, மேகத்துக்குத் தூண்டில் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். போகிறவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்து வாங்குகிறார்கள்.

கழி வந்தபோது ஓலை இல்லை. ஆனால் அதைக் கட்டிய நைலான் கயிறு உச்சியில் அப்படியே இருந்தது. உன் முடிச்சு. கரும்புக்கட்டுக்குப் போடுவாயே, இழுக்க இழுக்க இறுகுமே, அது. வெட்டிவிடலாம் என்றார் லோக் அண்ணன். வேண்டாம் என்று சொல்லி, நடைபாதையில் கழியைப் படுக்கப்போட்டு, இடது கையாலும் பல்லாலும் காலையிலிருந்து உச்சிவெயில் வரை உட்கார்ந்து அவிழ்த்தேன். அவிழ்ந்துவிட்டது. கயிறு நல்ல கயிறு, இப்போது அதில்தான் அன்னாசி தொங்குகிறது.

இதற்குமேல் கடிதம் இல்லை. பேச்சு வராததால்தான் எழுதினேன். இப்போது விலை சொன்னால் தெருக்கோடி வரை கேட்கிறது. எனக்கு எழுத வேண்டிய தேவை தீர்ந்தது. நீ எழுதினாலும் நான் பிரிக்கமாட்டேன்.

பாவ் வந்தார், பேருந்து ஏறி. உன் வீட்டிலிருந்து பேருந்து நிற்குமிடம் அவர் வீட்டைவிடப் பக்கம்.

தோவா,
அன்னாசி வியாபாரி